நடத்துவதென்றால் வருடா வருடம் நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுங்கம்பாக்கத்தில் 2025-இல் நடந்து முடிந்த சென்னை ஓபன் மகளிர் டென்னிஸ் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் ஒரு அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். கோப்பையை இந்தோனேசியப் பெண் தூக்கிக்கொண்டு போய்விட்டார், போன தடவை, 2022-இல், செக் நாட்டுப் பெண் கொண்டுபோனார், அரசு பணம் கொடுத்து இதை யாருக்காக நடத்துகிறது என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நடக்கிற தெருவில் அவர் குடியிருந்தால், இதைவிடக் காட்டமாகக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் “இதோடு நிறுத்திவிடலாம்” என்று முடித்திருக்கிறாரே, அந்த இடத்தில்தான் நான் அவரோடு சண்டைக்கு நிற்கிறேன். 2022-இல் நடத்தியபின் தொடராமல் விட்டுப்போனதுதான் தப்பு.

நான் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பள்ளியில் டென்னிஸ் கோர்ட் கிடையாது. பூப்பந்து, எறிபந்து, கோ-கோ, கபடி, இவ்வளவுதான். டென்னிஸ் பந்து என்று ஒன்று எங்கள் மைதானத்துக்குள் வந்தால், அது சுவர் தாண்டி விழுந்த தெரு கிரிக்கெட் பந்தாகத்தான் இருக்கும். அதனால் பணக்கார விளையாட்டுக்கு வக்காலத்து வாங்க வந்தவள் என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம்.

அன்பருக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 2003-இல் ஹைதராபாத்துக்கு டபிள்யூடிஏ, அதாவது உலக மகளிர் டென்னிஸ் சங்கத்தின் போட்டி வந்தது. உள்ளூர்ப் பெண் என்பதற்காக, பதினாறு வயது சானியா மிர்சாவுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் நேரடி இடம் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே தோற்றார். மறு வருடமும் கொடுத்தார்கள். மறுபடியும் முதல் சுற்றிலேயே, ஆஸ்திரேலியாவின் நிக்கோல் பிராட்டிடம் தோற்றார். அந்த வருடக் கோப்பையும் பிராட்டுக்கே போனது. அன்றைக்கு ஹைதராபாத் பத்திரிகைக்கும் யாராவது ஒருவர், “கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு, செலவு நமக்கா?” என்று கடிதம் எழுதியிருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் அதே 2004-இல் லீசல் ஹூபருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை சானியா வாங்கினார். 2005 பிப்ரவரியில் அதே ஊர், அதே போட்டி. இறுதி ஆட்டத்தில் உக்ரைனின் அலோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று சாய்த்து ஒற்றையர் கோப்பையைத் தூக்கினார். டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டத்தை இந்தியப் பெண் ஒருவர் வென்றது அதுதான் முதல் தடவை. இன்றுவரை அதுவே கடைசித் தடவையும்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்த மூன்று வருடத் தொடர்ச்சியை. முதல் வருடம் பயம் தெளிந்தது, இரண்டாவது வருடம் ஒரு பட்டம் கைக்கு வந்தது, மூன்றாவது வருடம் பெரிய பட்டமே வந்தது. ஒரே ஊர் ஜனம் மூன்று வருடமும் உட்கார்ந்து பார்த்தது. 2004-இல் யாராவது கணக்குப் பார்த்து, “இரண்டு வருடமும் முதல் சுற்றைத் தாண்டவில்லை, மூடு” என்று சொல்லியிருந்தால்?

மூடத்தான் செய்தார்கள், கொஞ்சம் தள்ளி. ஹைதராபாத் போட்டி 2006-இல் பெங்களூருக்குப் போனது. கொல்கத்தாவில் 2005 முதல் 2007 வரை ஒன்று நடந்தது. 2006-இல் மார்ட்டினா ஹிங்கிஸ் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். பெங்களூரில் 2008-இல் செரீனா வில்லியம்ஸ், அக்கா வீனஸை அரையிறுதியில் தோற்கடித்து, இறுதியில் பாட்டி ஷ்னைடரை வென்றார். இதெல்லாம் நம் பக்கத்து ஊரில் நடந்தது என்று இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதோடு சரி. அடுத்து அந்த அளவிலான மகளிர் போட்டி இந்தியாவுக்கு வந்தது 2022-இல், சென்னைக்கு. நடுவில் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்தில் இன்னொரு சானியா வரவில்லை என்பதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆண்களுக்கு இந்த ஊர் என்ன செய்தது என்று பாருங்கள். 1997 முதல் 2017 வரை, வருடா வருடம் நுங்கம்பாக்கத்தில் ஆண்கள் போட்டி. நடால் வந்தார், வாவ்ரிங்கா நாலு தடவை கோப்பை வாங்கினார். 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில் நுழைந்து இறுதி ஆட்டம் வரை போனார், மரின் சிலிச்சிடம்தான் தோற்றார். இருபது வருடம் விடாமல் நடந்ததால் அந்த வைல்டு கார்டு கதவு ஒவ்வொரு வருடமும் திறந்தே இருந்தது. அதே காலத்தில் நம் பெண்களுக்கு? கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998-இல் ஆஸ்திரேலிய ஓபன் பிரதானச் சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தார். 1968-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபின், கிராண்ட் ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையரில் அப்படி ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அவர் ஆடிய நாளில் சொந்த மாநிலத்தில் அவருக்கென்று இப்படி ஒரு போட்டி இருந்ததில்லை.

2022 செப்டம்பருக்கு வருகிறேன். அந்தப் போட்டி நமக்குக் கிடைத்ததே ஒரு தற்செயல். சீனாவில் அந்த வருடம் டபிள்யூடிஏ போட்டிகள் நடக்கவில்லை. காலண்டரில் காலியான வாரங்களை ஒரு வருட உரிமமாகக் கொடுத்தார்கள், அதில் ஒன்றைச் சென்னை வாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் சீனப் போட்டிகள் திரும்பின, நமக்கு இலை போடவில்லை. 2023-இல் இல்லை, 2024-இலும் இல்லை. மறுபடி 2025 அக்டோபர் கடைசியில்தான்.

அந்த 2022 வாரத்தை நான் மறக்க முடியாது. டெல்லிப் பெண் கர்மன் கௌர் தாண்டி, தரவரிசையில் தன்னைவிட ரொம்ப மேலே இருந்த பிரான்ஸின் குளோயி பாக்கேயிடம் முதல் செட்டை இழந்து, அடுத்த இரண்டையும் எடுத்தார். ஆறடி உயரப் பெண். சர்வீஸ் போடும்போது பந்து நெட்டுக்கு மேலே எங்கேயோ உயரத்திலிருந்து இறங்குகிறது. கேலரியில் இருந்தவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அடுத்த சுற்றில் கனடாவின் யூஜெனி பூஷாரிடம் தோற்றார், அது வேறு விஷயம்.

இறுதி ஆட்டம் செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்டோவாவுக்கும் போலந்தின் மாக்டா லினெட்டுக்கும். முதல் செட் லினெட்டுக்கு, இரண்டாவது லிண்டாவுக்கு. மூன்றாவதில் லினெட் 4-1 என்று முன்னால் போனார். என் பக்கத்தில் இருந்த குடும்பம் பார்க்கிங்கில் கூட்டம் சேருமுன் கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தது. அப்புறம் அந்தச் சின்னப் பெண் ஐந்து கேமையும் வரிசையாக எடுத்து 6-4 என்று முடித்தாள். பையை எடுத்தவர்கள் கடைசிவரை படிக்கட்டில் நின்றபடியேதான் பார்த்தார்கள். தோற்ற லினெட்டையும் சும்மா நினைக்காதீர்கள். நாலே மாதம் கழித்து 2023 ஆஸ்திரேலிய ஓபனில் அரையிறுதி வரை போனார். வீட்டில் டிவியில் அதைப் பார்த்தபோது, நமக்குத் தெரிந்த பெண் ஆடுகிற மாதிரியே இருந்தது. ‘பெரிய தலைகள் யாரும் சென்னைக்கு வருவதில்லையே’ என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சென்னை ஓபன் மாதிரி, ஜெயிப்பவருக்கு 250 தரவரிசைப் புள்ளி தருகிற ‘250 அளவு’ப் போட்டிக்குப் பெரிய தலைகள் வருவது அபூர்வம். தலையாகப் போகிறவர்கள் வருவார்கள்.

இப்போது அன்பர் கேட்ட கணக்குக்கு வருவோம். ஒரு பெண் உலகத் தரவரிசையில் ஏற வேண்டுமானால் ஊர் ஊராகப் போய் ஐடிஎஃப் என்கிற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் சின்னப் போட்டிகள் ஆட வேண்டும். அதில் அடிமட்டம் பதினைந்தாயிரம் டாலர் பரிசுள்ள போட்டி. அதில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையே வாங்கினாலும் 15 புள்ளிதான். சென்னை ஓபன் பிரதானச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் 30 புள்ளி. அந்தப் பிரதானச் சுற்றுக்குள் யாரை வைல்டு கார்டில் அனுப்புவது என்பது போட்டியை நடத்துகிறவர்கள் கையில் இருக்கிறது. போட்டி நம் ஊரில் நடந்தால் நம் பெண்களுக்கு இடம். சீனாவில் நடந்தால் சீனப் பெண்களுக்கு, அதை யாரும் குறை சொல்ல முடியாது. அரசு கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்றால், ஒரு பங்கு இந்தக் கதவுக்குப் போகிறது. விமானச் செலவில்லை, விசா இல்லை, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்து ஆடலாம்.

மாயா ராஜேஷ்வரன் ரேவதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் கோயம்புத்தூர்ப் பெண், 2009-இல் பிறந்தவர். 2025 பிப்ரவரியில், பதினைந்து வயதில், மும்பையில் நடந்த, 250-க்கு ஒரு படி கீழான 125 அளவுப் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி அரையிறுதி வரை போனார். ஜில் டைக்மனிடம் தோற்றார், டைக்மன்தான் கோப்பையும் வாங்கினார். இப்போது ஸ்பெயினில் நடால் அகாடமியில் பயிற்சி. 2022 சென்னை ஓபன் நடந்தபோது இந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. பதினான்கும் பதினைந்தும் ஆன இரண்டு வருடத்தில் சொந்த மாநிலத்தில் போட்டி கிடையாது. சானியாவுக்கு ஹைதராபாத் தொடர்ந்து மூன்று வருடம் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதின்மூன்றிலிருந்து பதினாறுக்குள் ஒரு பெண் எடுக்கிற முடிவுகளைப் பள்ளியில் கிட்டே இருந்து பார்த்தவள் நான். விளையாட்டை விடுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவில்தான் விடுகிறார்கள். ‘பப்ளிக் எக்ஸாம் வருகிறது’ என்பார்கள். எக்ஸாம் முடிந்தபின் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இந்தத் தடவை இன்னொரு கூத்தும் நடந்தது, மழை. வடகிழக்குப் பருவமழை உச்சத்துக்குப் போகிற வாரத்தில், திறந்தவெளி கோர்ட்டில் ஒரு சர்வதேசப் போட்டி. அந்த வாரம்தான் மோந்தா புயல் வங்கக் கடலில் கிளம்பி ஆந்திரா பக்கம் கரை கடந்தது. முதல் நாளே ஆட்டம் கெட்டது. நான் போனபோது பையன்கள் நீளமான ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், பேஸ்லைன் ஓரத்தில் மண்டியிட்டுத் துண்டால் ஒற்றினார்கள், ஒரு அதிகாரி ஷூ நுனியால் கோட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், மறுபடி தூறல். அந்த ஸ்டேடியம் இருக்கிற பகுதிக்குப் பெயரே லேக் ஏரியா. ஏரியைத் தூர்த்து ஊராக்கிய இடம், தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வராமல் என்ன செய்யும்?

தேதியை நாமே வைத்துக்கொள்ள முடியாது, டபிள்யூடிஏ கொடுக்கிற வாரம்தான் என்பது எனக்கும் தெரியும். சீனா, ஜப்பானின் பெரிய போட்டிகள் முடிந்து, ரியாத்தில் நடந்த ஆண்டிறுதிப் போட்டிக்கு முந்திய வாரத்தில் நம்மைச் செருகினார்கள். அதே வாரத்தில் ஹாங்காங்கிலும் சீனாவின் ஜியுஜியாங்கிலும் இதே அளவுப் போட்டிகள். ஆனால் கேட்டுப் பார்க்கலாமே. 2025-இல் சிங்கப்பூர் தன் 250 போட்டியை ஜனவரி கடைசி வாரத்தில் வைத்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபனில் சீக்கிரம் தோற்றவர்கள் தோஹா, துபாய் போட்டிகளுக்குப் போகுமுன் வழியில் ஆட வசதியான நேரம். ஹைதராபாத்திலும் பிப்ரவரியில்தான் நடத்தினார்கள். சென்னைக்கு வருடத்திலேயே நல்ல வானிலை அப்போதுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் நேரம், அவர்களை விட்டுவிடலாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை தாராளமாகக் கூட்டிக்கொண்டு வரலாம்.

கூட்டிக்கொண்டு வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தடவை ஒரு பகல் ஆட்டத்தில் என் பக்கத்து இருக்கையில், தோளில் கிட் பையோடு ஒரு சின்னப் பெண், பன்னிரண்டு வயது இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள். அப்பா வேன் ஓட்டுகிறவர். மூன்று பந்துள்ள டப்பா ஐந்நூறு ரூபாயைத் தொடுகிறது, பேட்டுக்குப் புது நரம்பு போட அதற்கு மேலே ஆகிறது, பந்தை வெளுத்துப்போகிறவரை வைத்து ஆடுகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெண் பந்தைப் பார்க்கவே இல்லை. ஸ்கோர் போர்டையும் பார்க்கவில்லை. எதிராளியின் சர்வீஸை வாங்கி ஆடுகிற வீராங்கனையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிராளி பந்தை அடிக்கிற அந்த நொடியில், இரண்டு பாதமும் அகல விழுகிற மாதிரி ஒரு சின்னக் குதி குதிப்பார்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாய அதுதான் தயார்நிலை. ‘குதி, குதி’ என்று கோச் கத்துவாராம், ஏன் என்று இவளுக்குப் புரிந்ததே இல்லையாம். “ஒவ்வொரு பந்துக்கும் குதிக்கிறாங்க மிஸ், ஒண்ணுகூட விடலை” என்றாள். டிவியில் பார்க்கலாமே என்பார்கள். டிவியில் நம் கண் பந்தோடேயே போகும், காலில் நிற்காது.

அவளைச் சுற்றி எத்தனை இருக்கை காலி என்று அன்பர் பார்த்திருந்தால், என்னோடு சேர்ந்து அவரும் கோபப்பட்டிருப்பார். இருக்கைகளில் மழைத்தண்ணீர்தான் உட்கார்ந்திருந்தது. பகல் ஆட்டங்களுக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார் என்கிறாரே, அந்த ஜானிஸ் ஜென் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரியில் படித்து, கல்லூரி அணிக்கு ஆடி, அதன்பின் தொழில்முறைக்கு வந்த பெண். 2025 தொடக்கத்தில் முதல் நூறுக்கு வெகு கீழே இருந்தார். அமெரிக்க ஓபனில் தகுதிச் சுற்று தாண்டி முதல் சுற்றில் வெரோனிகா குடர்மெடோவாவை வீழ்த்தினார். சென்னையில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என்று வென்றார். இந்தோனேசியப் பெண் ஒருவர் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2002-இல் ஏஞ்சலிக் விட்ஜாஜா வாங்கியதற்கு அப்புறம் இவர்தான். பேக்ஹேண்டில் அவர் அறுத்து விடுகிற ஸ்லைஸ் பந்து தரையில் பட்டபின் எழும்பவே எழும்பாது. எதிராளி முழங்காலை மடக்கி மடக்கி எடுத்து ஓய்ந்துபோக வேண்டியதுதான். பலம் இல்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. நம்மைப் போலவே டென்னிஸ் பெரிதாக வேரூன்றாத ஒரு நாட்டுப் பெண் இது. அந்தக் கோப்பையைப் பார்த்து எனக்கு வயிறு எரியவில்லை.

அந்த இறுதி ஆட்டம் நடந்த ஞாயிறு, நவம்பர் 2, நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று கிரிக்கெட் உலகக் கோப்பையை வாங்கிய அதே நாள். மறுநாள் உங்கள் விளையாட்டுப் பக்கம் முழுக்க ஹர்மன்பிரீத் கௌர். டென்னிஸுக்கு ஒரு ஓரத்தில் ஒரு துண்டுச் செய்தி. அதற்காக நான் குறை சொல்லவில்லை. நானும் நடுராத்திரி வரை கண் விழித்து அதைத்தான் பார்த்தேன். என் குறை அதற்கு முந்தின வாரம் பற்றியது. போட்டி தொடங்கப்போகிறது, டிக்கெட் எங்கே கிடைக்கும், எந்த நாள் யார் ஆடுகிறார்கள் என்று ஒரு வரிகூட உங்கள் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. முடிந்தபின் முடிவு மட்டும் வந்தது.

ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டுமானால் தலைமையாசிரியை ஒப்புக்கொள்ள வேண்டும், கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும், பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும், வண்டி பேச வேண்டும். ஒரு மாதம் முன்னால் தெரிந்தால்தான் முடியும். அடுத்த போட்டிக்குத் தேதி அறிவித்த அன்றே தேதி, டிக்கெட் விலை, பள்ளிகளுக்குச் சலுகை உண்டா என்பது மூன்றையும் விசாரித்துப் போடுங்கள். சலுகை இல்லை என்று சொன்னால் அதையும் போடுங்கள். யாரைப் பார்த்துக் கேட்க வேண்டுமோ அவர்களை நாங்கள் போய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
அமைந்தகரை, சென்னை